முத்தினது

டிராஃபிக் என்று சொல்லியிருக்க வேண்டாம், வெளியூர் என்று சொல்லியிருக்கலாம், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், எத்தனையோ பொய்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வாயில் வந்தது டிராஃபிக், இனி எதிர் நாற்காலிக்காரர் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பார், வியர்க்க விறுவிறுக்க ஒரு மாப்பிள்ளை ஓடிவருவான் என்று… மனிதர் நல்லவர்தான், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார், "உள்ள இருக்கறது உங்க வீட்டுக்காரம்மாவா?" என்று, தங்கச்சி என்றதும் ஒரு நொடி விழித்துவிட்டு, "அப்ப மாப்பிள்ளை வரலியா?" என்று, "இன்னும் வரல" என்று சொன்னதோடு இவன் நிறுத்தியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும், பல வருடமாக அதுதானே உண்மை, ஆனால் அவர் "டிராஃபிக்கா?" என்று எடுத்துக்கொடுத்தார், "ஆமா, டிராஃபிக்" என்று இவன் பிடித்துக்கொண்டான், "இந்த ரோட்டுல எப்பதான் இல்ல" என்று அவர் ஆறுதல் வேறு சொன்னார். தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. நல்ல டிராஃபிக்.

அந்தச் சாம்பல் நிறக் கதவுக்குப் பின்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், சுவரில் ஒரு கடிகாரம்கூட இல்லை, மறந்துபோய் அல்ல, யோசித்துத்தான் விட்டிருப்பார்கள், இங்கே உட்கார்ந்திருக்கிற எவருக்கும் கடிகாரத்தைப் பார்க்கத் தெம்பு கிடையாது, அதற்குப் பதில் ஆள் உயரத்துக்கு ஒரு டிவி, அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி பால்கனியில் நின்று காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள், காபிக்கு அப்படி என்ன சிரிப்போ, ‘காலத்தை நிறுத்துங்கள், கனவை அல்ல’ என்று எழுத்துகள் மிதந்து வருகின்றன, காலத்தையே நிறுத்துகிறவர்கள் வரவேற்பு மேசையில் ஒரு பேனா நிற்பதற்கு நூல் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் தலைமை டாக்டரின் படம், கையைக் கட்டிக்கொண்டு, ஏன் எல்லா டாக்டரும் படத்துக்கு மட்டும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு என்ன வைத்தியம் பார்க்க முடியும்… உள்ளே அவளை மயக்கத்தில் படுக்கவைத்து, நீள ஊசியால் கருமுட்டைகளை உறிஞ்சி எடுத்து, தேறுவதை மட்டும் உறையவைத்துப் பத்திரப்படுத்துவார்கள், என்றைக்காவது ஒருநாள் தாயாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம், பல் பிடுங்குவதைவிடக் கொஞ்சம் பெரிய வேலை, அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள், சொன்ன விதத்தைப் பார்த்தால் பல் பிடுங்கவே போகிறாள் போலிருந்தது.

காலையில் காரில் வரும்போதும் அப்படித்தான். இவன்தான் ஓட்டினான், மயக்க மருந்து கொடுத்த பிறகு அவள் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே விடவும் மாட்டார்கள், போன முறை வந்த சிநேகிதிக்கு இந்த முறை வர முடியவில்லை, அதனால்தான் அண்ணனுக்கு இந்தப் பதவி, இல்லாவிட்டால் போன முறை மாதிரியே இதுவும் இவனுக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும்… அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள், பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து அவளுடைய கால் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது, யார் ஓட்டினாலும், பஸ்ஸில் போனாலும்கூட, வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருவாள், இன்றைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்தாள், "என் வண்டியில அந்தப் பக்கம் பிரேக் கிடையாது தாயே" என்று இவன் சொல்ல, "இருந்திருந்தா நீ ஓட்டற லட்சணத்துக்கு இந்நேரம் தேஞ்சே போயிருக்கும்" என்று அவள் சொல்ல, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னிக்கும் சரியா வரலைன்னா அதோட சரிண்ணா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, இதுக்கு மேல உடம்பைப் போட்டுப் படுத்த வேணாம்னு" என்றாள். போன முறை என்ன சரியாக வரவில்லை? இவனுக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான், "ஏசி அதிகமா இருக்கா?" என்று கேட்டான்.

கேட்கச் சொல் இல்லாமல் இல்லை. இந்த ஒரு விஷயத்துக்கு இவனிடம் இருக்கிற அளவு சொல் வேறு எவரிடமும் இருக்காது, சுகாதாரத் துறையின் மொழிபெயர்ப்புப் பிரிவில் தலை நரைத்தவன், கலைச்சொல் குழுவின் செயலாளர், ஆபீசில் இவனுக்கு ‘அகராதி’ என்று பெயர், மரியாதையாக வைத்ததா அல்லது ‘அகராதி பிடித்தவன்’ என்பதன் சுருக்கமா என்று இவன் விசாரித்ததில்லை, விசாரித்தால் தெரிந்துவிடும். விட்டுப்போன மனைவி மட்டும் பளிச்சென்று சொன்னாள், "வருத்தமா இருக்குன்னு சொன்னா, வருத்தமா துயரமான்னு திருப்பிக் கேக்கற ஆளோட என்னால குடும்பம் நடத்த முடியாது" என்று, நியாயமான காரணம், நல்ல வாக்கியம்… ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் குழு ‘எக் ஃப்ரீஸிங்’ என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடிக் கூடியது, தலைவர் ஐயா ஒவ்வொரு கூட்டத்தையும் "நாம் வரலாற்றின் வாசலில் நிற்கிறோம்" என்று தொடங்குவார், வரலாற்றின் வாசலுக்கு டீயும் பிஸ்கட்டும் வரும், அவர் கொண்டுவந்த சொல் ‘அண்ட உறைநிலைப் பேணல்’, இயற்பியல் பேராசிரியர் கையைத் தூக்கி, "ஐயா, அண்டத்தை நாங்க ஏற்கெனவே பிரபஞ்சத்துக்குக் கொடுத்தாச்சு, இப்பத் திருப்பி வாங்க முடியாது" என்றார், அதோடு அது படுத்தது, உறைதல் என்றால் தங்கியிருப்பது, உறைவிடம் இல்லையா என்று ஒருவர், பாலில் ஊற்றுவதும் உறைதான், தலையணைக்குப் போடுவதும் உறைதான், படிக்கிறவன் எந்த உறையை எடுத்துக்கொள்வான் என்று இன்னொருவர், கடைசியில் வென்றது இவனுடைய ‘சினைமுட்டை உறைகாப்பு’, அதற்காக எழுந்து நின்று பேசினான், சொல்லின் வேரைத் தோண்டினான், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தோண்டினான், "சார், சினை எங்க டிபார்ட்மெண்ட் வார்த்தை, ஆடு மாட்டுக்குத்தான் சொல்லுவோம்" என்று கால்நடைத் துறைக்காரர் முனகியதைக் கைதட்டல் மூடிவிட்டது.

அந்தச் சொல் இதோ டீப்பாயில் வழவழப்பான தாளில் கிடக்கிறது, உள்ளே இருக்கிற மொழிபெயர்ப்பு முழுக்க இவனுடையது, ஒருவரும் தொடவில்லை, பக்கத்தில் கிடக்கிற பழைய சினிமாப் பத்திரிகைதான் கிழிந்திருக்கிறது, தங்கையை நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், மாட்டு ஆஸ்பத்திரி வாடை அடித்தது. போன வாரம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னபோதும் இவன் வாயில் முதலில் வந்தது அதுதான், "சினைமுட்டை உறைகாப்பா?", அவள் மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு, "அந்த நோட்டீஸை எழுதினது நீதானா? நாசமாப் போச்சு. நாலு தடவை படிச்சேன், ஒரே ஒரு வரிதான் புரிஞ்சுது. பேர் வெச்சா மட்டும் போதுமா, கூட வந்து உக்காரு" என்றாள். பேர் வைப்பது… அதுவும் இங்கே, எதுவும் பிறப்பதற்கு முன்னால்.

போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை விடமாட்டாள். "எங்கடா போனீங்க ரெண்டு பேரும்?" "வண்டி சர்வீஸுக்கும்மா, சொன்னேன்ல." "சர்வீஸுக்கு ரெண்டு ஆள் எதுக்கு, தள்ளிக்கிட்டா போனீங்க?" "அவளுக்குத்தானே வண்டியப் பத்தித் தெரியும்." "வண்டிக்கு என்னவாம்?" "ஒண்ணுமில்லம்மா, சில பார்ட்டைக் கழட்டிப் பத்திரமா எடுத்து வெக்கறாங்க"… வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இவன் காதிலேயே விழுந்தது. "நல்லா இருக்கற பார்ட்டை எதுக்குடா கழட்டணும்? உன்னை ஏமாத்தறான். அவளைக் கிட்ட நின்னு பாக்கச் சொல்லு." "அவ கிட்டதாம்மா இருக்கா" என்றான், இதைவிட உண்மையாக ஒரு பொய்யைச் சொல்ல முடியாது, எதிர் நாற்காலிக்காரர் அனுதாபத்தோடு பார்த்து, "வண்டியும் ரிப்பேரா? அதான் மாப்பிள்ளைக்கு லேட்டு" என்று முடிச்சுப் போட்டுக்கொண்டார், போடட்டும், இவரிடம் விட்டால் சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளைக்கு ஒரு உத்தியோகமும் கிடைத்துவிடும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றது அவள்தான், சொன்னால் அம்மா அழமாட்டாள், திட்டமாட்டாள், பெரியப்பாவிடம் யோசனை கேட்பாள், பெரியப்பா பேசுவார். பெரியப்பா எங்கே பேசினாலும் எதிரில் மைக் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர், போன வருடம் ஒரு விருந்தில் அத்தனை பேர் நடுவில், "இன்றைய சமுதாயத்தில் முதிர்கன்னிகள் பெருகிவருவது கண்டு என் நெஞ்சு பதைக்கிறது" என்று ஆரம்பித்தார், நெஞ்சு பதைத்தாலும் கை மட்டும் நிற்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள், தங்கை மட்டும் நிமிர்ந்து, "கன்னின்னு எப்படிப் பெரியப்பா சொல்றீங்க, விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள், பெரியப்பாவுக்குப் புரையேறி யாரோ தலையில் தட்ட வேண்டியிருந்தது, வரும் வழியெல்லாம் அண்ணனும் தங்கையும் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள், வீட்டுக்கு வந்ததும் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள், வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம், தண்ணீர் மட்டும்தான் ஓடியதா… முதிர். ஆம்பிளைக்குச் சொன்னால் முதிர்ச்சி, சால்வை போடுவார்கள், பொம்பளைக்குச் சொன்னால் முதிர்கன்னி, தட்டைப் பார்ப்பார்கள். ஒரே வேர்ச்சொல்தான். வேரைத் தோண்டி என்ன கண்டான்.

விருந்துக்கு மறுநாள் காலை பேப்பரைப் பிரித்துக்கொண்டே இவன் சொன்னான், "விடு கொசு," சின்ன வயசிலிருந்தே அவள் கொசுதான், காதுக்குள் ரீங்காரம், பிறகு கடி, "விடு கொசு, அம்மாவுக்கு அப்புறம் நீயும் நானும்தான். நான் பேப்பரைச் சத்தமாப் படிப்பேன், நீ காது கேக்காத மாதிரி நடி" என்று, "ஐயோ, அந்தத் தண்டனை வேறயா" என்று அவள் சிரித்தாள், வேடிக்கையாகத்தான் சொன்னான், சந்தேகமே இல்லை, ஆனால் அந்த மாதமே பால்கனிக்கு இரண்டு நாற்காலி வாங்கிப்போட்டான், மூன்று அல்ல, இரண்டு, கடைக்காரன் காட்டிய அழகான நாற்காலிகளையெல்லாம் விட்டுவிட்டுக் கைப்பிடி அகலமாக இருப்பதாகப் பார்த்து எடுத்தான், முட்டி வலி வந்தால் ஊன்றி எழுந்திருக்கச் சௌகரியமாக… யாருக்கு முட்டி வலி? அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் போன வாரம் அவள் துணி மடித்தாள், மடித்துக்கொண்டே சொன்னாள், ஊசி போட ஆரம்பித்துவிட்டதாக, டிரைவிங் ஸ்கூல் ஃப்ரிட்ஜில் பழக வருகிறவர்களின் ஜூஸ் பாட்டில்களுக்குப் பின்னால் மருந்தை ஒளித்துவைத்து, தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு வயிற்றில் தானே குத்திக்கொள்வதாக, "கொசு தன்னையே கடிச்சுக்குது" என்று இவன் சொன்னான், நல்ல ஜோக்தான், அவள் சிரிக்கவில்லை, அவள் சிரிக்காதது இப்போதுதான் உறைக்கிறது…

கதவு திறந்தது. நர்ஸ். இளம்பெண், முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருக்கிறது, கண்ணை மட்டும் வைத்து ஒரு முகத்தை எப்படிப் படிப்பது, கையில் எதையோ ஏந்திக்கொண்டு அவசரமாக இன்னொரு அறைக்குப் போகிறவள் இவனைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, "எடுத்தாச்சு சார். அவங்க நல்லா இருக்காங்க, இன்னும் தூக்கம்தான். முக்காவாசி முத்தினதுதான். டாக்டரம்மா வந்து பேசுவாங்க" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள், அந்தக் கதவு மூடிக்கொண்டது, மேலே டிவியில் வெள்ளைச் சட்டைக்காரி இன்னும் அதே காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

முத்தினது. முக்கால்வாசி. காய்கறிக் கடையில் அம்மா வெண்டைக்காயின் நுனியைப் பட்டென்று ஒடித்துப் பார்ப்பாள், ஒடியாமல் வளைந்தால் அப்படியே கூடையில் திருப்பிப் போட்டுவிடுவாள், கடைக்காரன் கத்துவான், "எல்லாத்தையும் ஒடிச்சு வெச்சா நான் யாருக்கு விக்கறது?", "முத்தலை என் தலையில கட்டப் பாக்கறியா?" என்பாள் அம்மா, முத்தல் கத்தரிக்காய், முத்தல் வெள்ளரிக்காய், விதை பல்லில் மாட்டும், நார் தொண்டையில் மாட்டும், எடுக்கிற அன்றைக்கு எடுக்காமல் கொடியிலேயே விட்டுவிட்டால் முத்திப்போகும், யார் விட்டது, ஏன் விட்டது… ஆகக் கடைசியில் பெரியப்பாதான் ஜெயித்தார், அவர் வாயில் வந்த சொல் வயிற்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது, எழுந்து போய் அந்த டிவியை அணைக்க வேண்டும் போலிருந்தது, எழுந்தான், ரிமோட் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, உட்கார்ந்தான். இப்போது அவள் கண் விழித்ததும் கேட்பாள், என்ன சொல்வது, ‘கவலைப்படாதே’, சீச்சீ, கவலைப்படாதே என்று சொல்லி எவர் படாமல் இருந்திருக்கிறார், ‘எது நடந்ததோ’, வேண்டாம், அது சுவரில் மாட்டுகிற வாக்கியம், ‘குழந்தைதான் வாழ்க்கையா’, இதை ஒரு அண்ணன் சொல்லக் கூடாது, ‘நான் இருக்கிறேன்’… இது பரவாயில்லை, சின்ன வாக்கியம், பிழையில்லை, ‘நான் இருக்கேன்ல, கொசு, நாம ரெண்டு பேரும் எப்பவும் போல’, எப்பவும் போல என்பது நன்றாக வந்திருக்கிறது, பால்கனி, இரண்டு நாற்காலி, பேப்பர், அவள் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொள்கிற நடுப்பக்கம், எதுவும் மாறப்போவதில்லை, யாரும் வரப்போவதில்லை, நாற்காலியின் முதுகில் நன்றாகச் சாய்ந்தான், காலையிலிருந்து முதல் முறையாக முதுகு சாய்ந்தது.

"நல்ல சேதிதானே சார்?" என்றார் எதிர் நாற்காலிக்காரர். இவன் விழித்தான். "இல்ல, காலைலருந்து பாக்கறேன், இருப்புக் கொள்ளாம இருந்தீங்க. நர்ஸ் வந்து சொல்லிட்டுப் போனதும் முகம் அப்படியே தெளிஞ்சுடுச்சே. அதான் கேட்டேன். இருக்கட்டும், நல்லபடியா இருக்கட்டும்." தெளிந்துவிட்டதா? என்ன உளறுகிறார் இந்த மனிதர், டிராஃபிக்கை நம்புகிற ஆள், இவருக்கு முகத்தைப் பற்றி என்ன தெரியும், அது சோகம், அதிர்ச்சி, அதிர்ச்சியில் சிலருக்கு முகம் வெறிச்சென்று ஆகும், அதைத் தெளிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார், வெறிச்சென்று ஆவதும் தெளிவதும் ஒன்றா, ஒன்றில்லை, டிவிக்குப் பக்கத்துக் கண்ணாடிச் சட்டத்தில் தன் முகத்தைப் பார்க்கலாம், தலைமை டாக்டரின் கட்டிய கைகளுக்கு மேல் மங்கலாகத் தெரியும்… பார்க்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். நீள அறை, நடுநடுவே திரை, ஒரு திரைக்குப் பின்னால் கழுத்துவரை போர்வையோடு அவள், முடியைப் பிளாஸ்டிக் தொப்பிக்குள் செருகியிருந்தார்கள், அதில் நெற்றி பெரிதாகத் தெரிந்தது, ஸ்கூல் போகும்போது இரட்டைப் பின்னலோடு தெரிந்த அதே நெற்றி, உதடு காய்ந்திருந்தது. "அண்ணா." "ம்." "டாக்டரம்மா இன்னும் வரல. உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?" மேலே பார்த்துக்கொண்டுதான் கேட்டாள், கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. தயாரித்து வைத்த வாக்கியத்தைத் தேடினான், நான் இருக்கேன்ல என்பதில்தானே ஆரம்பம், இருக்கேன்லயா, இருக்கிறேனா… "நர்ஸ் சொன்னா," என்றான், "கொசு, இங்க பாரு, நான் இருக்கேன்ல, நாம ரெண்டு பேரும்…" "என்ன சொன்னா?" "முக்காவாசி… முத்தினதுதானாம்."

கம்பியை விட்டாள். கையால் முகத்தை மூடிக்கொண்டாள், போர்வை குலுங்கியது, இவன் தோளைத் தொட்டான், "அழாத கொசு" என்றான், அவள் கையை எடுத்தாள், அழுகைதான், ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது, சிரிப்பு வயிற்றில் பிடித்து இழுக்க, "அம்மா" என்று முனகிவிட்டு மறுபடி சிரித்தாள், "முத்தினதா? நிஜமாவா? நல்லாக் கேட்டியா? முக்காவாசின்னா சொன்னா?" "ஆமா, ஆனா…" "போன தடவை எல்லாம் பிஞ்சுண்ணா. ஒண்ணுகூட முத்தல. பிஞ்சை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, முத்தினதைத்தான் ஃப்ரீஸ் பண்ணுவாங்க." நிறுத்தினாள், இவன் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, எப்பவுமே அவளுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும், "ஐயோ கடவுளே. நீ வெண்டைக்காய்னு நெனச்சியா? ‘முதிர்ச்சியுற்றவை மட்டுமே உறைகாப்புக்கு உகந்தவை’, யாருப்பா எழுதினது? நோட்டீஸ்ல? நாலு தடவை படிச்சு எனக்குப் புரிஞ்ச ஒரே வரி அதுதான்!" முதிர்ச்சியுற்றவை. ஆமாம். இவன் கையால் எழுதியது, அச்சுக்குப் போகும் முன் இரண்டு முறை சரிபார்த்தது, அச்சில் வந்திருந்தால் தெரிந்திருக்கும், வாயில் வந்ததும் காய்கறிக் கடைக்குப் போய்விட்டான்… "அகராதி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீயெல்லாம் ஒரு அகராதி. பாவம், ரொம்பப் பயந்துட்டியா?" "பயந்துட்டேன்" என்றான். உடனே சொன்னான். யோசிக்காமல், வருத்தமா துயரமா என்று தேடாமல், அவள் கொடுத்த சொல்லையே எடுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா வந்து அதையே மாஸ்க் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள், கை கட்டாத டாக்டர், நல்லபடியாக வந்திருக்கிறது, இன்றைக்கே உறைய வைத்துவிடுவோம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று. வெளியே வரும்போது எதிர் நாற்காலிக்காரர் எழுந்து நின்றார், "கடைசி வரைக்கும் மாப்பிள்ளை வரலியே" என்றார் உண்மையான வருத்தத்தோடு, தங்கை இவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "எந்த மாப்பிள்ளை?" என்று இவனைப் பார்த்தாள், "டிராஃபிக்ல இருக்கார்" என்று இவன் முனகினான், ஒரு நொடிதான், அவள் முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு மெல்ல விரிந்தது, "பாவம், மெதுவாவே வரட்டும் சார்" என்றாள் அவரிடம், "இனிமே அவசரமில்ல."

பத்து அடி தாண்டிய பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. காரில் அவளை உட்காரவைத்து, பெல்ட் வயிற்றில் அழுத்தாமல் இழுத்துவிட்டு, இவன் அந்தப் பக்கம் வந்து ஏறினான், மத்தியான வெயில், எங்கேயும் டிராஃபிக் இல்லை, இத்தனை நாளில் இல்லாத அதிசயமாக ரோடு காலியாகக் கிடந்தது, அவள் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியபடி பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள், மருந்து இன்னும் முழுசாக இறங்கவில்லை, கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்கலாமா என்று, சும்மாதான், பார்க்கிறதுக்கு என்ன, டிரைவிங் ஸ்கூல் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதாம், பால்கனி இல்லையாம், ஆனால் கீழே பார்க் இருக்கிறதாம், "நீயும் அம்மாவும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரலாம்" என்றாள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை… வந்து? எதில் உட்காருவது? அவளுடைய கால் தரையில் அப்படியே நீண்டு கிடந்தது, திருப்பத்தில் மிதிக்கவில்லை, அடுத்த திருப்பத்திலும் மிதிக்கவில்லை, இவன் ஓட்டுகிற வண்டியில் அந்தக் கால் சும்மா இருந்து இவன் பார்த்ததே இல்லை, நல்லதுதான், நிம்மதியாக இருக்கிறாள், நிம்மதி… முகம் அப்படியே தெளிஞ்சுடுச்சே என்றார் அந்த மனிதர். அதிர்ச்சி என்றுதானே முடிவு செய்தது, முதுகு சாய்ந்தது ஏன், நர்ஸ் சொன்ன அந்த நிமிடம் நெஞ்சிலிருந்து இறங்கியது என்ன, ஒரு தங்கைக்கு எல்லாம் முடிந்துபோனது என்று கேட்ட காது அதை எப்படி…

வண்டி குலுங்கி நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். "என்னண்ணா? என்ன வந்துச்சு?"

"பூனை."

அவள் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், ஓட்டச் சொல்லித்தருகிறவளின் பார்வை, கண்ணாடியையும் பார்த்தாள். "எங்க?"

"போயிடுச்சு" என்றான். ரோடு நேராக, வெறுமையாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கீழே குனிந்து பார்த்தான், கால் பிரேக்கிலேயே இருந்தது, எடுக்க வேண்டும், எடுத்தால்தான் போக முடியும், பின்னால் யாரோ வந்து நின்று ஹாரன் அடிக்கிறார்கள், எடுக்கலாம், ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம்…